980 ப்ரோவுக்கு ஃபர்ம்வேர் போடலாமா? எந்தக் கருவியை வைத்துக்கொள்வது?

தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய மேசைக் கணினியில் 2022-இல் வாங்கிய சாம்சங் 980 ப்ரோ எஸ்எஸ்டி, 2 டிபி. வீடியோ எடிட்டிங் வேலை முழுவதும் அதில்தான் நடக்கிறது. சாம்சங்கின் சொந்த மென்பொருளான மேஜிஷியனைத் திறந்தால் ஃபர்ம்வேர் அப்டேட் இருக்கிறது என்று காட்டுகிறதாம். கடைக்காரரோ, “நல்லா ஓடுறதை எதுக்குத் தொடறீங்க?” என்று சொல்லிவிட்டார். அதே கணினியில் 4 டிபி சீகேட் ஹார்ட் டிஸ்க் ஒன்று இருக்கிறது. வீட்டம்மாவின் லேப்டாப்பில் வேறொரு எஸ்எஸ்டி. மூன்றையும் கவனிக்க ஏழெட்டு மென்பொருள்களை இறக்கி வைத்திருக்கிறார். எதை வைத்துக்கொள்வது, எதைத் தூக்குவது என்பது இரண்டாவது கேள்வி.

முதல் கேள்விக்கு நேரடியாகவே சொல்கிறேன்: போடுங்கள், இந்த வாரமே. ஆனால் இன்று பேக்கப், நாளை ஃபர்ம்வேர். இந்த வரிசை மட்டும் மாறக்கூடாது.

ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதற்கு ஃபர்ம்வேர், அதாவது டிரைவுக்குள்ளேயே ஓடும் மென்பொருள், செய்யும் வேலையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். எஸ்எஸ்டிக்குள் இருப்பது நினைவகச் சில்லுகள் மட்டுமில்லை, சொந்தமாக ஒரு சிறிய கணினியே இருக்கிறது. பெரிய நெல் கிடங்கை நினைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் வாசலில் நின்று, “நூறாம் எண் மூட்டையைக் கொடு” என்று கேட்கும். அந்த மூட்டை உள்ளே எந்த அடுக்கில், எந்த மூலையில் இருக்கிறது என்பது கணக்குப்பிள்ளைக்கு மட்டும்தான் தெரியும். ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதிய இடத்தின் மேலேயே திரும்ப எழுத முடியாது. புதிய தரவை வேறு காலியிடத்தில் எழுதி, பழையதைச் செல்லாது என்று குறித்துவைத்து, பிறகு ஒரு பெரிய பகுதியாகச் சேர்த்துத்தான் அழிக்க முடியும். ஒவ்வோர் இடத்திலும் இத்தனை முறைதான் எழுதலாம் என்ற கணக்கும் உண்டு. அதனால் கணக்குப்பிள்ளை இரவும் பகலும் மூட்டைகளை இடம் மாற்றிக்கொண்டே இருக்கிறார். நீங்கள் ஒரு கோப்பையும் தொடாத நாளில்கூட உள்ளே மூட்டைகள் நகரும். அந்தக் கணக்குப்பிள்ளைதான் ஃபர்ம்வேர். அவர் கணக்கைத் தப்பாக எழுதினால் மூட்டை கிடங்கிலேயே இருக்கும், ஆனால் யாராலும் கண்டுபிடித்து எடுக்க முடியாது.

கடைக்காரர் சொன்ன விதி மேசைக்கும் மின்விசிறிக்கும் சரி. டிரைவுக்கு அது பொருந்தாது. நீங்கள் தொடாமல் இருக்கலாம், உள்ளே மணிக்கணக்கு ஓடிக்கொண்டுதானே இருக்கிறது? அப்படி மணிக்கணக்கிலேயே வெடித்த பிழைகள் உண்டு.

க்ரூஷியல் எம்4 என்ற எஸ்எஸ்டி நல்ல பெயர் எடுத்தது. மின்சாரம் பெற்று ஓடிய மொத்த நேரம் 5,184 மணியைத் தொட்டதும் அது திடீரென்று பதில் சொல்லாமல் நின்றுவிடும். அணைத்துப் போட்டால் ஒரு மணி நேரம் ஓடும், மறுபடி நிற்கும். ஓடிய மணிகளை எண்ணும் இடத்தில் ஒரு கணக்குப் பிழை, அவ்வளவுதான். விடாமல் ஓடும் கணினியில் 5,184 மணி என்பது சரியாக 216 நாள். 2012 ஜனவரியில் திருத்திய ஃபர்ம்வேர் வந்தது, போட்டவர்களுக்குத் தொல்லை தீர்ந்தது. அதில் தரவு போகவில்லை என்பது ஆறுதல்.

அடுத்ததில் அந்த ஆறுதலும் இல்லை. 2019 நவம்பரில் ஹெச்பிஇ, அதாவது ஹியூலட் பேக்கார்டு என்டர்பிரைஸ், தன் சர்வர்களில் போட்டிருந்த சில எஸ்ஏஎஸ் வகை எஸ்எஸ்டிகள் 32,768 மணி நேரம் ஓடியதும் செத்துவிடும் என்று அறிவித்தது. 3 ஆண்டு, 270 நாள், 8 மணி. நிரல் எழுதிப் பழகியவர்களுக்கு அந்த எண்ணைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிடும்: இரண்டின் 15-ஆம் அடுக்கு. நிறை, குறை இரண்டையும் எண்ணும் 16 பிட் எண்ணி தாங்கக்கூடிய எல்லையைத் தாண்டும் இடம் அது. அந்த மணியைத் தாண்டிவிட்டால் டிரைவும் வராது, தரவும் வராது என்று அறிவிப்பிலேயே எழுதியிருந்தார்கள். நான்கு மாதம் கழித்து, 2020 மார்ச்சில், வேறு சில மாடல்கள் 40,000 மணியில் நின்றுவிடும் என்று இன்னோர் அறிவிப்பு வந்தது.

இதில் என்னை உலுக்கியது வேறொன்று. சர்வரில் ஒரு டிரைவ் போனால் மற்றவை தாங்கும் என்றுதான் பல டிரைவுகளைச் சேர்த்து ரெய்டு போடுகிறோம். எட்டு டிரைவையும் ஒரே நாளில் ஒரே பெட்டியிலிருந்து பிரித்து மாட்டினால் எட்டுக்கும் மணிக்கணக்கு ஒன்றுதான். எட்டும் ஒரே நாளில், கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் நிற்கும். எத்தனை டிரைவ் சேர்த்தாலும் கிடைக்காத பாதுகாப்பு அங்கே ஒரு சிறிய ஃபர்ம்வேர் கோப்பில் இருந்தது.

இப்போது உங்கள் 980 ப்ரோவுக்கு வருகிறேன். அமெரிக்காவில் தொழில்முறைக் கணினிகளைக் கட்டி விற்கும் பியூஜெட் சிஸ்டம்ஸ் என்ற நிறுவனம், 2 டிபி 980 ப்ரோக்கள் வழக்கத்துக்கு மாறாகப் பழுதாவதாக 2023 தொடக்கத்தில் எழுதியது. பழுதின் வடிவம் இது: பிழை எண்ணிக்கை ஏறும், கெட்ட இடங்களுக்கு மாற்றாக வைத்திருக்கும் உபரி இடம் குறையும், கடைசியில் டிரைவ் தன்னைத்தானே பூட்டிக்கொண்டு படிக்க மட்டும் விடும், எழுத விடாது. காரணம் ஃபர்ம்வேரில். 3பி2கியூஜிஎக்ஸ்ஏ7 என்ற பதிப்புதான் சிக்கல், 5பி2கியூஜிஎக்ஸ்ஏ7 அதைத் திருத்துகிறது. இவ்வளவு நீளமான பெயரை நினைவில் வைக்க வேண்டாம். முதல் எழுத்தைப் பாருங்கள். 3-இல் தொடங்கினால் பழையது, உடனே மாற்றுங்கள். 5-இல் தொடங்கினால் அந்தக் கண்டத்தைத் தாண்டிவிட்டீர்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். புதிய ஃபர்ம்வேர் வரப்போகும் கேட்டைத் தடுக்கும், வந்துவிட்ட கேட்டை மாற்றாது. அதே 2023-இல் சாம்சங்கின் அடுத்த மாடலான 990 ப்ரோவில், மிச்ச ஆயுளைக் காட்டும் ஆரோக்கிய விழுக்காடு சில வாரங்களிலேயே மளமளவென்று இறங்கியதே, அதற்குப் பிப்ரவரியில் திருத்தம் வந்தது. இறங்குவது நின்றது, இறங்கிய விழுக்காடு திரும்பி வரவில்லை. அதனால்தான் மாதக் கணக்கில் தள்ளிப்போட வேண்டாம் என்கிறேன்.

அப்படியென்றால் எந்த அப்டேட் வந்தாலும் அன்றைக்கே போட வேண்டுமா? அதுவும் இல்லை. இதற்கும் ஒரு கதை இருக்கிறது. 2008 கடைசியில் சீகேட் பாரகுடா 7200.11 ஹார்ட் டிஸ்குகள் கணினியை இயக்கும்போது பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன் எழும் அடிப்படை மென்பொருளில், தெரியாமல் போக ஆரம்பித்தன. தரவு உள்ளே பத்திரமாக இருக்கும், டிஸ்க் மட்டும் கண் திறக்காது. 2009 ஜனவரியில் சீகேட் திருத்தம் வெளியிட்டது. அந்தத் திருத்தமே சில 500 ஜிபி மாடல்களை முடக்கிப் போட்டது. அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, சரிபார்த்த இன்னொன்றை வெளியிட்டார்கள். முதல் நாளே ஓடிப்போய்ப் போட்டவர்களில் சிலர், நன்றாக ஓடிய டிஸ்கை இழந்து நின்றார்கள்.

என் வழக்கத்தைச் சொல்கிறேன். அப்டேட்டோடு வரும் குறிப்பை முதலில் படிப்பேன். தரவு இழப்பு, டிரைவ் காணாமல் போவது, படிக்க மட்டும் என்று மாறுவது, குறிப்பிட்ட மணிக்குப் பிறகு நிற்பது என்று இருந்தால் ஓரிரு நாளில் போட்டுவிடுவேன். ‘நிலைத்தன்மை மேம்பாடு’ என்று ஒரே வரி இருந்தால் மூன்று நான்கு வாரம் பொறுப்பேன். அதற்குள் எங்காவது பெரிய கூக்குரல் எழவில்லையென்றால் போடுவேன். வேகம் கூடும் என்று மட்டும் போட்டிருந்தால், வேகத்தில் எனக்குக் குறை இல்லாதபோது விட்டுவிடுவேன். உங்கள் 980 ப்ரோவுக்கான திருத்தம் முதல் வகை. வந்து ஆண்டுக்கணக்காகிவிட்டது, எத்தனையோ பேர் போட்டுப் பார்த்துவிட்டார்கள். காத்திருக்கக் காரணமே இல்லை.

இயங்குதளம் மாறும்போதும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. 2024 இலையுதிர்காலத்தில் விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு வந்ததும் டபிள்யூடி பிளாக் எஸ்என்770, ப்ளூ எஸ்என்580 ஆகியவற்றின் 2 டிபி மாடல்கள் நீலத்திரை காட்டின. இவற்றில் சொந்தமாக டிராம் என்ற வேக நினைவகம் கிடையாது. கணினியின் நினைவகத்திலிருந்து கொஞ்சம் கடன் வாங்கித்தான் கணக்கு வைக்கும். முந்தைய விண்டோஸ் 64 எம்பிக்கு மேல் தராது. புதியது, டிரைவ் கேட்ட 200 எம்பியையும் அப்படியே கொடுத்தது, டிரைவ் தடுமாறியது. திருத்தம் ஃபர்ம்வேரில்தான் வந்தது. ஆக, நீங்கள் டிரைவை மாற்றாவிட்டாலும் அதைச் சுற்றியிருப்பவை மாறிக்கொண்டிருக்கின்றன.

இனி கருவிகள். ஏழெட்டு வேண்டாம், ஒரு டிரைவுக்கு இரண்டு போதும். நிலையைப் படிக்க எந்தக் கம்பெனியையும் சாராத ஒன்று, ஃபர்ம்வேரை எழுத அந்த டிரைவைச் செய்தவர்களுடைய சொந்தக் கருவி. முதலாவது மூன்று டிரைவுக்கும் பொதுவாக ஒன்றே போதும்.

படிப்பதற்கு விண்டோஸில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போதுமானது. ஜப்பானியர் ஒருவர் ஆண்டுக்கணக்காகப் பராமரித்து வரும் இலவசக் கருவி. திறந்ததும் மேலே டிரைவின் பெயர், அதற்குக் கீழே ஃபர்ம்வேர் பதிப்பு, ஓடிய மணி, எழுதிய மொத்த அளவு எல்லாம் தெரியும். புதிதாகப் பார்ப்பவர்களை அதில் ஒரு விஷயம் பயமுறுத்தும். கீழே உள்ள பட்டியலில் எண்கள் பதினாறின் அடிமானத்தில் இருக்கும். ஒரு கணக்காளர் வீட்டில் இதைப் பார்த்தேன். 64 என்று ஒரு வரி காட்டுகிறது, “உபரி 64 விழுக்காடுதான் மிச்சம், டிரைவ் போயிடுச்சு” என்று புதியதற்கு ஆர்டரே போட்டுவிட்டார். பதினாறடிமானத்தில் 64 என்றால் நம் கணக்கில் 100. டிரைவ் நூற்றுக்கு நூறு நலமாக இருந்தது. மெனுவில் மூலமதிப்பைப் பத்தடிமானத்தில் காட்டும் தேர்வு இருக்கிறது. முதல் வேலையாக அதை மாற்றிக்கொள்ளுங்கள்.

உங்கள் 980 ப்ரோவில் மூன்று வரிகளைப் பாருங்கள். 01 என்ற வரி அபாய எச்சரிக்கை, அது பூஜ்யமாக இருக்க வேண்டும். 8 என்று காட்டினால் டிரைவ் படிக்க மட்டும் என்ற நிலைக்குப் போய்விட்டது என்று பொருள். 03 உபரி இடம், 100 இருக்க வேண்டும். 0இ (திரையில் 0E) என்ற வரி தரவுப் பிழைகளின் எண்ணிக்கை, அதுவும் பூஜ்யமாக இருக்க வேண்டும். கடைசி இரண்டும் சேர்ந்து நகர ஆரம்பித்திருந்தால் உங்கள் டிரைவில் நோய் தொடங்கிவிட்டது. அப்போது ஃபர்ம்வேரோடு நிறுத்தாதீர்கள், வாரண்டிக்கு விண்ணப்பியுங்கள். 980 ப்ரோவுக்கு 5 ஆண்டு வாரண்டி உண்டு. 2 டிபி மாடலில் 1,200 டிபி எழுதி முடிப்பதும் 5 ஆண்டும், எது முன்னால் வருகிறதோ அதுவரை.

லினக்ஸ் பயன்படுத்துபவர்களுக்கு ஸ்மார்ட்மான்டூல்ஸ் இருக்கிறது. அதற்கு ஒரு நல்ல குணம்: தனக்குள் டிரைவ் மாடல்களின் பட்டியல் வைத்திருக்கும். தெரிந்த பிழை உள்ள ஃபர்ம்வேரைப் பார்த்தால், “இதற்குத் திருத்தம் வந்திருக்கலாம், போய்ப் பார்” என்று தானே எச்சரிக்கும். வெறுமே படிக்கிற கருவியால் கெடுதலே வராது என்றும் நினைத்துவிட வேண்டாம். 2010-இல் சாம்சங் எஃப்4 ஈஜி என்ற 2 டிபி ஹார்ட் டிஸ்கில் ஒரு பிழை இருந்தது. எழுத வேண்டிய தரவு இன்னும் வரிசையில் காத்திருக்கும்போது யாராவது ‘நீ யார், என்ன மாடல்?’ என்ற அடையாளக் கேள்வியைக் கேட்டால், அந்தத் தரவை எழுதாமலே விட்டுவிடும். ஸ்மார்ட்மான்டூல்ஸ் கேட்பது அதே கேள்விதான். நலம் விசாரிக்கப் போனதாலேயே தரவு கெட்டது. சாம்சங் திருத்தம் கொடுத்தது. ஆனால் திருத்திய பிறகும் ஃபர்ம்வேரின் பதிப்பு எண் மாறவில்லை! போட்டோமா இல்லையா என்று பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லாமல் போனது. அன்றிலிருந்து ஃபர்ம்வேர் போட்ட தேதியை ஒரு சீட்டில் எழுதிக் கணினிப் பெட்டியின் உட்பக்கம் ஒட்டிவிடுவேன். டிரைவின் மேல் கம்பெனி ஒட்டிய லேபிளில் இருக்கும் பதிப்பு எண்ணை நம்பாதீர்கள். அது தொழிற்சாலையை விட்டுக் கிளம்பிய நாளின் எண்.

எழுதும் கருவியில் தேர்வுக்கே இடமில்லை. சாம்சங்குக்கு மேஜிஷியன், க்ரூஷியலுக்கு ஸ்டோரேஜ் எக்ஸிகியூட்டிவ், கிங்ஸ்டனுக்கு எஸ்எஸ்டி மேனேஜர், சீகேட்டுக்கு சீடூல்ஸ். இரண்டு பெயர் மாற்றங்களை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் பழைய பெயரில் தேடினால் போலிப் பக்கங்கள் மாட்டும். இன்டெல் தன் எஸ்எஸ்டி தொழிலை எஸ்கே ஹைனிக்ஸுக்கு விற்றுவிட்டது. இப்போது சாலிடைம் என்ற பெயர், கருவியும் அந்தப் பெயரில். வெஸ்டர்ன் டிஜிட்டல் 2025 பிப்ரவரியில் இரண்டாகப் பிரிந்தது. ஹார்ட் டிஸ்க் அவர்களிடம், எஸ்எஸ்டி எல்லாம் சான்டிஸ்கிடம். டபிள்யூடி என்று போட்ட எஸ்எஸ்டிக்கும் இப்போது சான்டிஸ்க் டாஷ்போர்டு. க்ரூஷியல் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு சொல்: 2025 டிசம்பரில் மைக்ரான், க்ரூஷியல் சில்லறை வியாபாரத்தையே மூடுவதாக அறிவித்துவிட்டது. வாரண்டி தொடரும் என்று சொல்லியிருக்கிறார்கள். ஆனாலும் கருவியையும் உங்கள் மாடலுக்கான ஃபர்ம்வேரையும் இப்போதே இறக்கி ஒரு பென் டிரைவில் போட்டு வைப்பேன், நானாக இருந்தால்.

இந்தக் கருவிகளில் ஃபர்ம்வேரோடு வேறு பொத்தான்களும் நிறைய இருக்கும். பெரும்பாலானவை உங்களுக்குத் தேவையில்லை. மேஜிஷியனில் சில மாடல்களுக்கு ராபிட் மோடு என்று ஒன்று வரும். கணினியின் ராமில் தரவைப் பிடித்து வைத்துப் பிறகு எழுதுவது. சோதனையில் எண்கள் பிரமாதமாக வரும். திடீரென்று கரண்ட் போனால் ராமில் இருந்தது போனதுதான். மின்வெட்டு உள்ள ஊரில் அதைத் தொட வேண்டாம். உகப்பாக்கம் (ஆப்டிமைசேஷன்) என்ற பெயரில் வரும் பொத்தான்கள் பெரும்பாலும், அழித்த கோப்புகளின் இடம் காலி என்று டிரைவுக்குச் சொல்லும் டிரிம் கட்டளை அனுப்புபவை. அதை விண்டோஸ் வாரம் ஒருமுறை தானே செய்துகொள்கிறது. டிரைவை முழுக்கத் துடைக்கும் தேர்வும் இதே மெனுவில் பக்கத்திலேயே இருக்கும். அவசரத்தில் கைதவறும் இடம் அது, நிதானமாகப் படித்து அழுத்துங்கள்.

நீங்கள் அனுப்பிய பட்டியலில் ‘எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில் புதுப்பிக்கும்’ மென்பொருள் இரண்டும், ‘எஸ்எஸ்டி பூஸ்டர்’ ஒன்றும் இருக்கின்றன. மூன்றையும் நீக்கிவிடுங்கள். எஸ்எஸ்டியை டிஃப்ராக் செய்வதாகச் சொல்லும் நான்காவதையும். எஸ்எஸ்டிக்குள் தரவு எங்கே இருக்கிறதென்பது கணக்குப்பிள்ளைக்கு மட்டும்தான் தெரியும் என்று சொன்னேனே, வெளியிலிருந்து ஒரு மென்பொருள் வந்து அதை வரிசைப்படுத்த முடியாது. எழுதும் ஆயுள் குறைவதுதான் மிச்சம்.

வீட்டம்மாவின் லேப்டாப்பில் இருப்பதும் சாம்சங்தான், ஆனால் மேஜிஷியன் அதற்கு ஃபர்ம்வேர் எதுவும் காட்டவில்லை என்றீர்கள். அது பழுதில்லை. லேப்டாப்போடு வரும் டிரைவுகள் பெரும்பாலும் பிஎம் என்று தொடங்கும் மாடல்கள். லெனோவோ, டெல், ஹெச்பி போன்றவர்களுக்கென்று தனியாகச் செய்து கொடுத்தவை. அவற்றுக்கான ஃபர்ம்வேர் லேப்டாப் கம்பெனியின் தளத்திலோ அவர்களுடைய அப்டேட் மென்பொருளிலோதான் வரும். சில்லறை மாடலின் ஃபர்ம்வேரை எங்கிருந்தோ எடுத்து அதில் ஏற்ற வழி சொல்பவர்கள் இருக்கிறார்கள். காது கொடுக்காதீர்கள். ஆப்பிள் மேக்கில் இந்தத் தேடலே இல்லை, மேக்ஓஎஸ் அப்டேட்டோடு சேர்ந்தே வந்துவிடும். லினக்ஸில் எஃப்டபிள்யூஅப்டி என்ற கருவி பல கம்பெனிகளின் ஃபர்ம்வேரை ஒரே இடத்திலிருந்து கொண்டுவந்து தருகிறது. ரெட் ஹாட்டைச் சேர்ந்த ரிச்சர்ட் ஹியூஸ் தொடங்கி வளர்த்தது. கம்பெனிகளே தங்கள் கோப்பை அதற்கு அனுப்புவதால், அது தருவதை நம்பிப் போடலாம்.

கருவி உங்கள் டிரைவையே கண்டுகொள்ளவில்லையென்றால் இரண்டு காரணங்களை முதலில் பாருங்கள். ஒன்று, இன்டெல் கணினிகளில் பயாஸில், டிரைவுகளை இன்டெல்லே நிர்வகிக்கும் விஎம்டி அல்லது ரெய்டு முறை போட்டிருப்பது. டிரைவ் அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். அவசரப்பட்டு அந்த அமைப்பை மாற்றினால் விண்டோஸ் பூட் ஆகாமல் போகலாம், அதற்கு முறை தெரிந்தவர் துணை வேண்டும். இரண்டாவது, எஸ்எஸ்டியை யூஎஸ்பி பெட்டிக்குள் போட்டு இணைத்திருப்பது. அந்தப் பெட்டிக்குள் இருக்கும் மாற்றிச் சில்லு தரவைக் கடத்தும், ஃபர்ம்வேர் கட்டளைகளைப் பெரும்பாலும் கடத்தாது. மதர்போர்டில் நேரடியாக மாட்டித்தான் போட வேண்டும்.

4 டிபி ஹார்ட் டிஸ்கை விட்டுவிடுங்கள். சீகேட் தளத்தில் சீரியல் எண்ணைப் போட்டு ஒருமுறை பாருங்கள். அதற்கென்று அப்டேட் இருந்தால் சொல்லும். பெரும்பாலும் இருக்காது. அதில் கவனிக்க வேண்டியது பழுதாகி இடம் மாற்றிய செக்டர்களின் (டிஸ்கின் சிறு பகுதிகளின்) எண்ணிக்கை மட்டும்.

போடும் நாளில் என்ன செய்வது?

முந்தின இரவே பேக்கப். முக்கியமானதை இரண்டு இடத்தில். ஃபர்ம்வேர் போடும்போது தரவு அழியாது என்றுதான் எல்லாக் கம்பெனியும் சொல்லும், பெரும்பாலும் அப்படித்தான் நடக்கும். ஒரு டிரைவ் எழுந்திருக்காமல் போனால் உள்ளே இருப்பதை யாராலும் எடுத்துத் தர முடியாமல் போகலாம் என்பதால் பேக்கப் கேட்கிறேன்.

விண்டோஸின் குறியாக்கமான பிட்லாக்கர் போட்டிருந்தால் மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வையுங்கள், அல்லது போனில் படம் எடுத்து வையுங்கள். கணினி மறுபடி எழும்போது அந்த 48 இலக்கத்தைக் கேட்கலாம். பல விண்டோஸ் 11 லேப்டாப்புகளில் நமக்குத் தெரியாமலே குறியாக்கம் இயங்கிக்கொண்டிருக்கும், அதனால் இல்லை என்று நினைக்காமல் அமைப்புகளில் போய்ப் பாருங்கள். இங்கே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். குறியாக்கத்தை டிரைவே பார்த்துக்கொள்ளும் என்று சில எஸ்எஸ்டிகள் சொல்லும். அதுவும் ஃபர்ம்வேர் செய்யும் வேலைதான். 2018-இல் நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சில க்ரூஷியல், சாம்சங் மாடல்களில் கடவுச்சொல் இல்லாமலே பூட்டைத் திறந்து காட்டினார்கள். அதற்குப் பிறகு மைக்ரோசாஃப்டே டிரைவை நம்புவதை நிறுத்தி, குறியாக்கத்தை விண்டோஸே செய்யும்படி மாற்றியது. உங்களுடையதும் விண்டோஸ் செய்வதாகவே இருக்கட்டும்.

மின்சாரத்தைப் பற்றி எனக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். ஒரு ஃப்ளெக்ஸ் அச்சகத்தில் டிசைனர் கணினிக்கு ஃபர்ம்வேர் போட உட்கார்ந்தேன். “யூபிஎஸ் இருக்குல்ல?” என்று கேட்டேன், “இருக்குங்க” என்றார்கள். பச்சை விளக்கும் எரிந்தது. நான் அதோடு விட்டுவிட்டேன். அப்டேட் பொத்தானை அழுத்தி, பட்டை பாதி வந்திருக்கும். பின்னறையில் யாரோ பெரிய அச்சு இயந்திரத்தைப் போட்டார்கள். ஒரு நொடி விளக்கு மங்கியது, யூபிஎஸ் ஒருமுறை கீச்சிட்டு அணைந்தது. பேட்டரி எப்போதோ செத்திருக்கிறது. கணினியைத் திரும்பப் போட்டால் பயாஸ் பட்டியலில் அந்த டிரைவ் இல்லை. கழற்றி மாட்டினேன், வேறு கணினியில் மாட்டினேன், எங்கும் தெரியவில்லை. முந்தின இரவு பேக்கப் எடுத்திருந்ததால் புது டிரைவ் வாங்கி மாலைக்குள் அவர்களுடைய வேலையைத் திரும்பக் கொடுக்க முடிந்தது. அந்த மாலை வரைக்கும் அந்த டிசைனர் பெண் ஒன்றும் பேசாமல் என் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தது இன்றும் கண்ணில் நிற்கிறது.

இப்போது யூபிஎஸ் இருக்கிறதா என்று கேட்பதில்லை. கணினி ஓடும்போதே சுவர் பிளக்கைப் பிடுங்கி ஐந்து நிமிடம் பார்க்கிறேன். தாங்கினால்தான் தொடுகிறேன். உங்கள் 980 ப்ரோ போன்ற என்விஎம்இ வகை டிரைவுகள் பலவற்றில் ஃபர்ம்வேரை வைக்க ஒன்றுக்கு மேற்பட்ட இடங்கள் உண்டு. புதியதை ஓர் இடத்தில் முழுக்க இறக்கிவிட்டு, அடுத்த முறை எழும்போது அதற்கு மாறும். அதனால் ஆபத்து முன்பைவிடக் குறைந்திருக்கிறது. ஆனாலும் எந்த டிரைவில் எப்படி வைத்திருக்கிறார்கள் என்பது வெளியே தெரியாது. லேப்டாப் என்றால் பேட்டரியும் நிறைந்திருக்க வேண்டும், சார்ஜரும் மாட்டியிருக்க வேண்டும்.

மற்ற எல்லா மென்பொருளையும் மூடுங்கள். எடிட்டிங் மென்பொருள் பின்னணியில் ரெண்டர் செய்துகொண்டிருந்தால் அது முடியட்டும். மேஜிஷியனில் அப்டேட் பகுதிக்குப் போய் அழுத்துங்கள். எழுதும் வேலை பெரும்பாலும் ஓரிரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அசையாமல் நிற்பது போலத் தெரிந்தாலும் பதினைந்து நிமிடமாவது பொறுங்கள், பவர் பொத்தானைத் தொடாதீர்கள். விண்டோஸுக்குள்ளிருந்து எடுக்கவில்லையென்றால் சாம்சங் தளத்தில் அதே ஃபர்ம்வேர் ஐஎஸ்ஓ கோப்பாகவும் கிடைக்கும். ரூஃபஸ் என்ற கருவியைக் கொண்டு பென் டிரைவில் எழுதி அதிலிருந்து பூட் செய்யலாம். பயாஸில் உள்ள செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு அமைப்பை அப்போது மட்டும் அணைக்க வேண்டி வரலாம், முடிந்ததும் மறக்காமல் திரும்பப் போடுங்கள்.

முடிந்ததும் ரீஸ்டார்ட் போதாது, டிரைவுக்கு மின்சாரம் ஒருமுறை முழுதாக நிற்க வேண்டும். விண்டோஸில் வழக்கமான ஷட் டவுன் முழு ஷட் டவுன் இல்லை, வேகமாக எழுவதற்காகப் பாதியை நினைவில் வைத்துக்கொண்டு தூங்கும். ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டே ஷட் டவுன் கொடுங்கள். பிறகு பின்பக்கச் சுவிட்சையும் அணைத்து அரை நிமிடம் விடுங்கள்.

எழுந்ததும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவைத் திறந்து ஃபர்ம்வேர் வரியைப் பாருங்கள். 5-இல் தொடங்க வேண்டும். பிறகு 01, 03, 0இ மூன்று வரிகளையும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். இரண்டு வாரம் கழித்து அதே மூன்றையும் இன்னொரு முறை. 0இ எண்ணிக்கை இரண்டு படத்துக்கும் இடையில் ஏறியிருந்தால் வாரண்டி விண்ணப்பத்தை எப்படி எழுதுவது என்று சேர்ந்து பார்ப்போம். கடை பில்லைத் தேடி எடுத்து வையுங்கள்.